ஓடும் ஸ்கூட்டரில் ஒரு மரியாதை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சொந்த உழைப்பில் மூன்று லாரி வாங்கி ஓட்டியவன் நான். போலீசு கை காட்டினால் எப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனாலும் போன வாரம் நாகர்கோவிலிலிருந்து முட்டம் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னது எனக்கே புதுசாக இருந்தது.

“போலீசு கை காட்டுனா, மடிச்சுக் கட்டுன வேட்டிய இறக்கி விடாண்டாமா? பெரியாளுவ முன்ன அதுதான மரியாத?”

“அதுக்கு, ஓடுத ஸ்கூட்டர்லயா ரெண்டு கையையும் விடுவாவ? வண்டியும் நானும் அவரு காலுலயில்லா போய் விழுந்தோம்!”

“அவரு கோவப்படல்லியே. உன்னத் தூக்கி விட்டாருல்லா?”

“தூக்கிவிட்டுட்டு அவரு சிரிச்ச சிரிப்புல எனக்குத் தொலி உரிஞ்சு போச்சு. இனி உங்க பொறத்த வண்டியில நான் ஏற மாட்டேன்.”

“ஏட்டி, அப்பிடிச் சொல்லாத. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு நான் ஒத்தைக்கா போவேன்?”

அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“வண்டிய ஓரமா நிறுத்தி, எஞ்சின ஆஃப் பண்ணி, கேட்ட பேப்பரக் காட்டணும். போலீசுக்கு அதுதான் மரியாத. நீங்க பேண்டு போட்டுட்டு வாங்க, ஏறுதேன்.”

“எனக்கிட்ட பேண்டு இல்லியே. எடுக்கதுக்கு நாளைக்கு நீயும் கடைக்கு வாறியா?”

“வாறேன். பஸ்ஸில.”