பெயர் கேட்காத கூடை

இந்த அவையைப் பண்போடு நடத்தும் தலைவர், நம் வணிகர் சங்கத்தின் மூத்த தூண் யாக்கோபு ஐயா அவர்களே! மேடையை அணிசெய்யும் பெரியோர்களே! மகளிர் குழுவைக் கட்டிக் காத்து நிற்கும் ரத்னா அம்மையார் அவர்களே! நமக்கொரு செயலியைச் செதுக்கித் தந்த தண்டலத்துக் கல்லூரிச் செல்வங்கள் கனிஷ்கா, இனியவன் அவர்களே! மண்ணூரின் மாண்புமிகு தாய்மார்களே! வாடகைக்கு வீடு விட்டிருக்கும் வள்ளல்களே! ஷிப்ட் முடித்த களைப்போடு, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய காலோடு வந்து, கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கும் தென்னாட்டுத் தங்கைகளே, தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் மளிகைக் கடை கோதண்டராமனின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்றேன். மேடை மரபுக்காகச் சொன்னதல்ல. தலை நிமிர முடியவில்லை, அதனால் சொன்னேன்.

‘நம்ம கூடை’ செயலியின் அறிமுக விழாவில் பெருமை பேசு என்று என்னை அழைத்தார்கள். பெருமை பேசிப் பழகிய வாய்தான் இது. பேசட்டுமா? பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள் பெருங்கூட்டமாய்க் கடைக்கு வருகிறார்கள். வீட்டுக்காரர் கதவை அடைக்கும் முன்னே பருப்பும் வேண்டும், பாலும் வேண்டும், நாளைய சோற்றுக்கு நாலு காயும் வேண்டும். நெரிசலில் நிற்கவே நேரம் போய்விடுகிறது. இனி அந்தத் துன்பம் இல்லை! பேருந்தில் அமர்ந்தபடியே கைபேசியில் தொட்டால் போதும். கடையில் கூடை நிறையும். கட்டிய பை காத்திருக்கும். வந்தோம், எடுத்தோம், போனோம்!

கைதட்டுகிறீர்கள். பொறுங்கள். மிச்சத்தையும் கேட்டுவிட்டுத் தட்ட மனம் வந்தால் தட்டுங்கள்.

செயலியை வடிவமைக்கும்போது கனிஷ்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். வரைந்து வைத்த திரையைக் காட்டி, "சார், கஸ்டமர் பேரு, போன் நம்பர் ரெண்டும் முதல்ல கேக்கலாமா?" என்றார். நான் சிரித்தேன். சங்கச் செயலாளன் அல்லவா, சகலமும் அறிந்தவன் அல்லவா! "பேரு இன்னாத்துக்குமா? ரூம் மாறும், பேரு மாறும், சிம்மு மாறும். வூட்டு ஓனரு மாறுவாரா? ஓனர் பேரையும் ஓனர் நம்பரையும் போடு, போதும்" என்றேன். அந்தப் பெண் தயங்கினார். "சார், யார் வாங்குறாங்களோ அவங்க பேரு வேணாமா?" என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் கடையில் அதுதானே வழக்கம்! என் கடையில் மட்டுமா? இந்த ஊரில் எந்தக் கடையில், எந்தத் தெருவில், "உன் பேர் என்னம்மா" என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறோம்? "எந்த ரூம்? யார் வூடு?" இதுதானே நம் கேள்வி! காய்கறிக்குக்கூட ஊர்க் கத்தரி, நாட்டுத் தக்காளி என்று பெயர் வைத்து விற்கிறோம். நம் ஊருக்கு உழைக்க வந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஓனர் பெயரை ஒட்டி வைத்தோம்.

சோதனை ஓட்டம் தொடங்கியது. போன வாரம் ஒரு மாலை. பேருந்து வந்து நிற்கிறது. என் கடையை ஒட்டிய டீக்கடையில் ஆண்கள் கூட்டம். அதில் ஒரு வீட்டுக்காரர். அவர் கைபேசி கூவுகிறது. உங்கள் கூடை தயார் என்று என் கடையிலிருந்து போன செய்தி. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. எட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படிப்பது அவர் வழக்கம். படித்தார். துவரம் பருப்பு படித்தார். நல்லெண்ணெய் படித்தார். மூன்றாவதாக, சானிட்டரி நாப்கின் என்று படித்தார்.

ஏன் அங்கே சலசலப்பு? யாரப்பா சிரிப்பது? தாய்மார்கள் தலை குனிகிறீர்கள். மேடையில் இதைச் சொல்லலாமா என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். ஐயா, இந்தச் சொல்லை இங்கே சொல்ல எனக்கு நா கூசுகிறது. நடுத்தெருவில் அதைக் கேட்டு நின்றவளுக்கு எப்படிக் கூசியிருக்கும்?

ஆம், அவள் நின்றிருந்தாள். பேருந்தை விட்டு இறங்கி, தன் பையை வாங்க என் கடை வாசலில் நின்றிருந்தாள். "இன்னாபா இது, என் போனுக்கு வந்துகீது! எவளுதுபா இது?" என்றார் வீட்டுக்காரர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நான் என்ன செய்தேன்? கேளுங்கள், கோதண்டராமன் என்ன செய்தான் என்று கேளுங்கள்! காலமெல்லாம் அந்தப் பொருளைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பக்கத்தில் நிற்பவன் பார்க்காமல் நீட்டிய கை இது. கை மறைத்ததைக் கைபேசி கத்தியது. அப்போதாவது எழுந்து, "நிறுத்துங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. கல்லாவில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சிரித்தேன்.

அவள் பையை வாங்கவில்லை. திரும்பி நடந்துவிட்டாள். மறுநாள் அவளுடைய தோழி ஒருத்தி வந்து, "அண்ணாச்சி, அவ வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறா. தெருவுல தல காட்ட முடியலன்னு அழுவுதா" என்றாள். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றேன். கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவேன்? எனக்குத்தான் பெயர் தெரியாதே! என் கடையில் அன்றாடம் அரிசி வாங்கியவளை அழைக்க எனக்கு ஒரு பெயர் இல்லை.

அவளே இறங்கி வந்தாள். "அம்மா, தப்பு என்னுது. மன்னிச்சிடு. உன் பேரு இன்னாமா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "எம்பேரு இப்பம் எதுக்கு அண்ணாச்சி? இம்புட்டு நாளா கேக்கலயே. ஓனரு பேரையே எழுதிக்கிடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை, சபிக்கவில்லை. ஓங்கி அறைந்திருந்தால்கூட ஒரு நாளில் ஆறியிருக்கும். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை, ஐயா.

பிறகு சொன்னாள். பெயரைச் சொன்னாள். விழாவில் என் தவறைச் சொல்ல அனுமதி கேட்டேன். "நடந்தத சொல்லுங்க. இன்னொரு பிள்ளைக்கு இப்பிடி ஆவக் கூடாது. எம்பேர மட்டும் சொல்லிராதீய" என்றாள். ஆகவே சொல்ல மாட்டேன். பெயரே வேண்டாம் என்று செயலியில் சொன்னவன் இன்று பெயரைக் காக்க நிற்கிறேன். டீக்கடையில் அன்று இருந்தவர்களே, உங்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன், நீங்களும் காத்துக் கொடுங்கள்.

ஏன் பின்னால் பார்க்கிறீர்கள்? திரும்பாதீர்கள்! அவள் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். கடைசி வரிசையில் எந்த முகத்தையும் தேடாதீர்கள்! அன்று காதால் செய்ததை இன்று கண்ணால் செய்ய வேண்டாம். முன்னால் பாருங்கள். வெட்கப்பட வேண்டிய முகம் இங்கே ஒலிபெருக்கிக்கு முன்னால் இருக்கிறது. இதைப் பாருங்கள்.

கனிஷ்கா செயலியைத் திருத்திவிட்டார். இனி வாங்குபவர் பெயர், வாங்குபவர் எண். செய்தியில் பொருள் பட்டியல் வராது, கூடை தயார் என்று மட்டுமே வரும். முதலிலேயே இதைத்தான் அம்மா நீ சொன்னாய். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். செயலியைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. நம்மைத் திருத்த எந்த இனியவன் வருவான், எந்தக் கனிஷ்கா வருவாள்?

அங்கே யாரோ எழுந்து நிற்கிறீர்கள். "நான்தான்பா" என்று ஏதோ சொல்ல வருகிறீர்கள். ஐயா, பொறுங்கள்! ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்! நீங்கள் யாரென்று தெரிந்தால் உங்கள் மாடியில் இருப்பவர்களை ஊர் விரல் விட்டு எண்ணி, அவள் யாரென்று கண்டுபிடித்துவிடும்.

ஆகவே கேட்கிறேன். இந்த மண்டபத்தில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அத்தனை பேரும் எழுந்து நில்லுங்கள்! எழுந்திருங்கள், ஐயா! எழுந்திருங்கள், அம்மா! என் வீட்டு மாடியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். தலைவர் அவர்களே, நீங்களுமா? நன்றி, ஐயா. பாதி மண்டபம் நிற்கிறது. இதில் தங்கள் மாடியில் குடியிருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிந்தவர்கள் மட்டும் உட்காரலாம்.

உட்காருங்கள்.

யாருமே உட்காரவில்லையே!

நிற்போம். கொஞ்ச நேரம் இப்படியே நிற்போம். என் கடை வாசலில் அவர்கள் நின்ற நேரத்துக்கு இது ஈடாகாது.

அவள் ஊருக்குப் போவாளா, இருப்பாளா, எனக்குத் தெரியாது. இரு என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை; அதனால் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் மாடிப்படிக்குக் கீழே நின்று அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். சொன்னால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சொல்ல மறுத்தால் கோபிக்காதீர்கள். அது அவர்களுடைய பெயர்.

கூசும் சேதியைக் கூசாமல் கேட்ட தாய்மார்களுக்கும், குறுக்கிடாமல் பேசவிட்ட தலைவருக்கும், பின்வரிசையில் பொறுத்து அமர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் என் நன்றி. நின்றபடியே விடைபெறுகிறேன். வணக்கம்.