மேடைக்கு வந்த குழந்தைகள்

சின்னக் குழந்தையிடம் அம்மா பெயர் என்னவென்று கேட்டால், பெரும்பாலும் "அம்மா" என்றுதான் சொல்லும். அப்பா பெயர் "அப்பா". வீடு எங்கே என்று கேட்டால் "அங்கே" என்று கையைக் காட்டும். அந்தப் பக்கம் ஐஸ் வண்டிதான் நிற்கும். பதினேழு வருடமாக ஊர் விழாவில் மைக் பிடித்தவன் நான். இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் சுற்றுவட்டாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், சார்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்பது நான்கு மாதத்துக்கு முன் நடந்த விழாவின் இரண்டாம் நாள் சாயங்காலம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. அதற்கும் வெகு முன்னால் போக வேண்டும்.

தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை எனக்கு. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முத்திரை குத்துவேன். அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் என் கையைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. வீட்டிலும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. "இங்க கூப்பிட்டா ஏன்னு ஒரு குரல் வராது, மைக்கைக் கையில குடுத்தா மட்டும் மடை திறந்த மாதிரி கொட்டுது" என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள். அவள் சொல்வது உண்மைதான். வருடத்தில் மூன்று நாள், ஊரே என் பேச்சைக் கேட்கும். வண்டியை நகர்த்துங்கள் என்றால் நகர்த்துவார்கள், உட்காருங்கள் என்றால் உட்காருவார்கள். அந்த மூன்று நாளுக்காகத்தான் மிச்ச நாட்களில் முத்திரை குத்தினேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

நான் மைக் பிடித்த மூன்றாம் வருடம், கூட்டத்தில் ஒரு பையன் தொலைந்து போனான். யாரோ தூக்கிக்கொண்டு வந்து மேடையில் விட்டார்கள். நான் அடையாளம் சொல்லி அறிவித்தேன். அவன் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, படி ஏறத் தெரியாமல் மேடையின் விளிம்பைப் பிடித்து அப்படியே ஏறினாள். பையனைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பேண்டு வாத்தியக்காரர்கள் தாங்களாகவே வாசிக்க ஆரம்பித்தார்கள். இதை மறைக்காமல் சொல்கிறேன்: என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அது விழாவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. தொலைந்த குழந்தை கிடைத்தால் மேடைக்குக் கொண்டு வர வேண்டும், அம்மா மேடைக்கு வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பெரிய ராட்டினத்தைக்கூட அந்த இரண்டு நிமிடம் நிறுத்தி வைப்பார்கள்.

எட்டாம் வருடம் ஒரு குழந்தையும் தொலையவில்லை. மூன்று நாளும் காத்திருந்தேன். விழா முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது குழுத் தலைவர் சொன்னார்: "என்னப்பா மைக்கு, இந்தத் தடவை எல்லாம் இருந்தும் ஏதோ சப்புன்னு போச்சே." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவர்மேல் நான் பழி போடவில்லை.

ஒன்பதாம் வருடத்திலிருந்து, குழந்தையை நானே கூட்டிக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்ததும் உங்கள் முகம் மாறும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் எந்தக் குழந்தையையும் மிரட்டியதில்லை, அடித்ததில்லை. பொம்மைக் கடையில் வாய் பிளந்து நிற்கும் குழந்தையிடம் "அம்மாகிட்ட போலாமா?" என்று கேட்டுக் கையை நீட்டுவேன். அது விரலைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் அம்மாவிடம்தான் போகப்போகிறது. அதனால் அது பொய்யும் இல்லை. வெளியூர்க்காரர்களின் குழந்தையாகப் பார்த்துக்கொள்வேன். சமுதாயக் கூடத்தின் பின்பக்கம் பழைய நாற்காலிகள் போட்டு வைக்கும் அறை இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கும். உள்ளே ஒரு பாய், பிஸ்கட், தண்ணீர், விளையாட ஒரு காகிதக் காற்றாடி. எல்லாம் என் செலவு.

எவ்வளவு நேரம் என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் தாய்க்குப் பதற்றம்தான் இருக்கும். குழந்தையைத் திரும்பக் கொடுத்தால் முதுகில் நாலு சாத்து சாத்துவாள். அது மேடைக்கு அழகில்லை. இருபது நிமிடத்தில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் ஆன பிறகுதான் அவள் யாரோடும் பேசுவதை நிறுத்துகிறாள். அப்போது கொடுத்தால் போதும். எட்டு வருடம், எட்டுக் குழந்தைகள். ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. நம்பாவிட்டால் விசாரித்துப் பாருங்கள். அந்தக் குடும்பங்களில் நான்கு பேர் இன்றும் வருடப் பிறப்புக்கு எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள்.

இனி இந்தப் பெண்ணைப் பற்றி.

மஞ்சள் கவுன், முன்பல் ஒன்று இல்லை, ஐந்து வயது. வளையல் கடை ஓரம் தனியாக நின்றாள். மணி நாலே முக்கால். கையைப் பிடித்தபோதே வழக்கமான குழந்தை இல்லை என்று தெரிந்தது. அறைக்குப் போகும் வழியில் அவளாகவே அம்மாவின் பெயரை இனிஷியலோடு சொன்னாள். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறார்கள், அம்மா இங்கே துணிக்கடையில் வேலை பார்க்கிறார்கள் என்றாள். தங்கியிருக்கும் பெரியம்மா வீட்டுத் தெருவையும் கதவு எண்ணையும் சொன்னாள். போன் நம்பரைப் பத்து இலக்கமும் தடுமாறாமல் சொல்லிவிட்டு, "எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சமத்து" என்றேன்.

"எங்கம்மா என்னைத் தேடுவாங்க."

"தேடட்டும். கண்டுபிடிக்கிறாங்களான்னு பாப்போம்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

அந்த இடத்திலேயே கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அன்று வரவேண்டிய சிறப்பு விருந்தினர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பது வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். அவர் குரலைக் கேட்டுத்தான் நான் வாயைத் திறக்கவே கற்றுக்கொண்டேன். ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் எதிரில் அது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்நாளில் ஒரே ஒரு ஆசை. தப்பு என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து மணிக்குத் தூறல் போட ஆரம்பித்தது. ஜெனரேட்டர்காரர் மேடைக்கு ஓடி வந்தார். இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவர்தான்.

"அண்ணே, மிஷின் நனையுது. கூடத்துப் பின்னாடி வராண்டாவுக்கு நகர்த்திக்கிட்டுமா?"

"நகர்த்திக்கோ."

அவர் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். "அங்க ஒரு ரூம் இருக்குல்லண்ணே. ஜன்னல்ல கண்ணாடி இல்ல, அட்டைதான் வச்சிருக்கு. புகை உள்ள போகும். ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"பழைய நாற்காலிதான்பா இருக்கு. நீ வை."

வேறு என்ன சொல்ல முடியும்? ஆள் இருக்கிறது என்றால் யார் என்று கேட்பார். அரை மணி நேரம்தானே, விருந்தினர் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஜெனரேட்டர்காரர் தன் வாக்குமூலத்தில் என்னைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் என்னிடம் விசாரித்தபோது, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் மைக்கில் இருந்தேன் என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க ஊரே என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததால் நீங்களும் நம்பினீர்கள். அவர் கேட்டார், சார். நான் சொன்ன பதிலை மேலே எழுதியிருக்கிறேன்.

ஐந்தே காலுக்கு அந்த அம்மா மேடைக்கு வந்தார். "அண்ணே, எம்பொண்ணைக் காணோம்ணே" என்றார். நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன், குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், அடையாளங்களைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர், தெரிந்த தெரு, தெரிந்த நம்பர். அவர் நம்பரைச் சொல்லும்போது நடுவில் தடுமாறினார். குழந்தை தடுமாறவில்லை.

அறிவித்தேன். மழை விட்டது, விருந்தினர் வரவில்லை. வழியில் பாலம் அடைபட்டிருக்கிறது என்றார்கள். ஆறு மணி ஆயிற்று. ஆறே காலுக்கு நடுவே பாட்டு போடச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னதும் நான்தான். பின்பக்கத்திலிருந்து ஏதோ தட்டுகிற மாதிரி இருந்தது. பந்தல் தகரமாக இருக்கலாம். அதற்காகத்தான் சத்தத்தைக் கூட்டினேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

விருந்தினர் ஆறு நாற்பதுக்கு வந்தார். மாலை போட்டார்கள். இதுதான் நேரம் என்று குழந்தையைக் கூட்டி வரப் போனேன். அப்போது மணி ஆறு ஐம்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

தாழ்ப்பாளைத் திறந்தேன். அறை முழுக்கப் புகை. கதவோரமாக, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள். காற்றாடி கையில் இருந்தது. கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். தொட்டுப் பார்க்கவில்லை. நான் டாக்டர் இல்லை. தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் மைதானத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அத்தனை பேர் பார்ப்பார்கள். கதவைத் தாழ் போடாமல் ஒருக்களித்து வைத்தேன், மழைக்கு ஒதுங்கி அவளாக நுழைந்த மாதிரி இருக்கட்டும் என்று. பாயையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் மைக் நின்றுவிடும்.

திரும்பி வந்து மறுபடியும் அறிவித்தேன். இரவு எட்டரைக்குத் தொண்டர்கள் கண்டுபிடிக்கும் வரை அறிவித்தேன். "எங்கிருந்தாலும், யார் பார்த்திருந்தாலும், இந்தத் தாயின் மடிக்குக் கொண்டு வந்து சேருங்கள்" என்று நான் சொன்னபோது மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. சிறப்பு விருந்தினர் என் தோளில் கை வைத்து, "உங்க குரல்ல ஒரு ஈரம் இருக்கு" என்றார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை ஒருநாள் உங்கள் மேஜையில் தலைகீழாகப் படித்தேன். உயிர் பிரிந்த நேரம் ஆறரையிலிருந்து ஏழரைக்குள் என்று போட்டிருக்கிறது. நான் கதவைத் திறந்தது ஆறு ஐம்பது. அந்த வரியை மனதுக்குள் பல தடவை படித்துவிட்டேன். அதற்கு மேல் கணக்குப் போட எனக்கு விருப்பமில்லை.

இப்போது வேலை ஓடவில்லை. மரப்பிடி போட்ட முத்திரையை மேஜையில் குத்தினால், உள்ளிருந்து சின்னக் கையால் கதவைத் தட்டுகிற மாதிரியே கேட்கிறது. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு தடவை குத்த வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர், "என்ன சார், பூப்போல வைக்கிறீங்க, மை ஒட்டவே இல்லையே" என்று கேலி செய்கிறார். வீட்டில் மனைவி கொத்தமல்லி இடிக்க உரலை எடுத்தால் நான் தெருவுக்குப் போய்விடுகிறேன்.

இதைவிட, சனிக்கிழமைகள்தான் கஷ்டம். அந்த அம்மா சனிக்கிழமைதோறும் துணிக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டருக்கு வருகிறார். முதல் தடவை அவரைப் பார்த்ததும் முத்திரையைக் கீழே வைத்துவிட்டேன். அவர் நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். "எல்லாரும் கொஞ்ச நேரம் தேடிட்டு ராட்டினம் பாக்கப் போய்ட்டாங்கண்ணே. நீங்க ஒருத்தர்தான் விடாம எம்பொண்ணைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க" என்றார். பிறகு போனைக் கம்பி வலைக்குள் நீட்டினார். அன்று சொன்னதை இன்னொரு தடவை இதில் சொல்ல முடியுமா என்று கேட்டார். அது காதில் கேட்டால், இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம், கிடைத்துவிடுவாள் என்று இருக்கிறதாம்.

சொன்னேன். நடுவில் அவர் திருத்தினார். "அண்ணே, அன்னைக்கு 'மடிக்கு'ன்னு சொன்னீங்க. இப்ப 'கைக்கு'ன்னு சொல்றீங்க." மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

இன்றும் வந்தார். நாளை மறுநாள் கோர்ட்டில் விசாரணை ஆரம்பம், ஜெனரேட்டர்காரருக்கு ஐந்து வருடம் வரை கிடைக்கும் என்று வக்கீல் சொன்னாராம். "நீங்களும் கோர்ட்டுக்கு வரணும்ணே. எனக்குக் கூடப் பிறந்த அண்ணன்னு யாரும் இல்ல" என்றார். ஜெனரேட்டர்காரரின் மனைவி வெளியே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போனை நீட்டினார். பழைய பதிவு அழிந்துவிட்டதாம். வாயைத் திறந்தேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் குரல் வரவில்லை. அவர் காத்திருந்தார். சாப்பாட்டு நேரம் முடிகிற வரை போனை நீட்டியபடியே நின்றார். கவுண்டரை மூடிவிட்டு நேராக உங்களிடம் வந்தேன்.

ஜெனரேட்டர்காரரை விட்டுவிடுங்கள். தாழ்ப்பாள் போட்டது நான், திறந்ததும் நான், விட்டுவிட்டு வந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அந்த அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது நான் அந்த அறையில் இருக்க வேண்டாம். ஒரு தாய் அழுவதை என்னால் பார்க்க முடியாது, சார்.