ஆர்த்திஷோவுக்குத் தொட்டுக்கொள்ள

ஆர்த்திஷோ வேக முக்கால் மணி நேரம் ஆகும். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். அன்றைக்கு நடந்ததெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் நடந்தது.

நீங்கள் அந்தக் காயைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பச்சையாக, கைப்பிடி அளவில், இதழ் இதழாக மூடிய மொட்டு. ஊட்டிப் பக்கமிருந்து பெட்டியில் வரும். நுனியை வெட்டி, கறுத்துப்போகாமல் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். வெந்ததும் இதழைப் பிய்த்து, சாஸில் தொட்டு, அடியில் இருக்கிற சதையைப் பல்லால் இழுத்துத் தின்பார்கள். சக்கையைத் தட்டோரம் போட்டுவிடுவார்கள், நாம் முருங்கைக்காய் தின்கிற மாதிரிதான். காயில் ருசி கொஞ்சம்தான். மீதியெல்லாம் சாஸில் இருக்கிறது.

அந்த சாஸைப் பதினெட்டு வருஷமாக நான்தான் செய்தேன். முட்டையின் மஞ்சள் கரு, உருக்கிய வெண்ணெய், எலுமிச்சை, கொஞ்சம் கடுகு விழுது. சூடு கொஞ்சம் கூடினாலும் திரிந்துவிடும். எங்கள் முதலாளி செல்வகுமார் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர், நாங்கள் முசியே என்போம். அவர் ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. ருசி பார்க்காமல் எந்த சாஸும் வெளியே போகக் கூடாது, அதைப் பார்ப்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும். அதற்கென்று காம்பு நீண்ட ஒரு ஸ்பூன். அது வெகுநாள் என்னிடம் இருந்தது. போன பொங்கலுக்குப் பிறகு முசியே அதை என் தங்கை சுமலதாவிடம் கொடுத்தார்.

சுமலதா என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அடுத்த வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் இருந்த ஒரே ஒரு முந்திரியைத் தின்றுவிட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சுக்குத் திணறினாள். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றையிலிருந்து அவள் தின்ற ஒவ்வொரு கவளமும் என் கண்ணைத் தாண்டித்தான் போனது. பொங்கலில், கேசரியில், எங்கே சாப்பிட்டாலும் முதலில் நான் கிளறிப் பார்ப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லாமல் போயிற்று.

அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவளும் நான்தான். வந்த அன்றே, முந்திரி இந்தச் சமையலறைக்குள் நுழையக் கூடாது என்று முசியேவிடம் சொல்லி எழுதி ஒட்டவைத்தேன்.

ஸ்பூன் கைமாறியதில் எனக்கு வருத்தம் என்று ராஜவேல் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அவன் தட்டு எடுத்துப் போகிறவன், அவனுக்கு என்ன தெரியும். எனக்கு சந்தோஷம்தான். எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன், முந்திரி போடாமல். அவள் என் சாஸை ருசி பார்த்துப் புளிப்புக் கம்மி என்பாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கும். அதுவும் எனக்குப் பெருமைதான்.

பிறகு ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கப் போனேன். தானே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரமே என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"எவ்ளோ நாளைக்குத்தான்க்கா நின்னுக்கினே இருப்ப. நீ உக்காரு. இனிமே எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒரு வாரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை.

அன்றைக்கு எட்டுப் பேருக்கு ஆர்த்திஷோ கேட்டிருந்தார்கள். காய் வெந்துகொண்டிருக்கும்போது சாஸ் திரிந்தது. குருமா திரிந்தால் நம் வீடுகளில் முந்திரி விழுதைக் கலந்து சேர்ப்போம். அதையே செய்தேன். கைப்பழக்கம் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள். முந்திரியே வராத சமையலறையில் அது எங்கிருந்து வந்தது என்று நேற்றுத்தான் கேட்டீர்கள். காலையிலேயே உழவர்கரையில் எங்கள் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சின்ன டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். சாஸ் தானாகத் திரியவில்லை. அடுப்பைக் கூட்டினேன்.

சுமலதா ருசி பார்த்தாள். "இன்னைக்குத்தான்க்கா அப்படியே கூடி வந்துருக்குது" என்றாள். இன்னொரு ஸ்பூனும் எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. குரல் அடைத்தது. அந்த ஸ்டூலில் அவளே உட்கார்ந்தாள். இப்படி ஆனால் போடுவதற்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். போடவும் எனக்குத்தான் தெரியும். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ராஜவேல் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, பை எங்கே என்று என்னைக் கேட்டான். தெரியாது என்றேன். நான் அப்போது காய்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வெந்தது அப்படியே கிடந்தால் குழைந்துவிடும்.

பை மளிகை அலமாரியில் இருந்தது. மத்தியானமே வைத்துப் பூட்டிவிட்டேன்.

ரெண்டு நாள் அவள் படுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுப்பேன், பக்கத்திலேயே இருப்பேன், பிறகு அவள் தட்டை நான் பார்ப்பதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். அப்படியானால் பையை எதற்குப் பூட்டினாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், ராத்திரியெல்லாம் யோசித்தேன். ஊசி போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்ததும் இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்பாள்.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். அவள் தலை என் மடியில் இருந்தது, அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. பேச்சு வரவில்லை. கை மட்டும் துழாவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பிடி விடவில்லை, நர்ஸம்மாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

என் தங்கை சுமலதாவைக் கொன்றது நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் அவளுக்கு நான் வேண்டியிருந்தேன். அதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அஞ்சலாட்சி