அங்காளம்மா டீச்சரைப் பூட்டி வைக்காதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் வைத்தீஸ்வரன் அவர்களே, செயலாளர் திரிபுரசுந்தரி அம்மையார் அவர்களே, கோவளத்திலிருந்து வந்திருக்கும் டீச்சரின் தம்பி மாணிக்கவேல் அவர்களே, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் அவருடைய பழைய மாணவர்களே, தாம்பரம் வட்டாரத்து ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சுந்தரராமன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கோவிலம்பாக்கம் பக்கத்தில் அங்காளம்மா டீச்சர் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியில் ஒன்பது வருடம் நான்தான் தலைமை. எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அவரை வாயார வாழ்த்தினீர்கள். கல்விச் சுடர் என்றீர்கள், ஆசிரியர் குலத்தின் அணிகலன் என்றீர்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் கோபப்படக் கூடாது, தெரியும். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது ‘காயலான் கடை டீச்சர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது யார்? வெளியூர்க்காரனா? இந்த மண்டபத்தில் இருக்கிற நாம்தானே?

அதோ, மேடை ஓரத்தில் வெள்ளைத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி ஒரு கண்ணாடி பீரோ நிற்கிறது. டீச்சர் தன் கையால் செய்த பாடப் பொருட்களை அதில் அடுக்கிப் பூட்டி, மேலே அவர் பெயரைப் பொறித்து, தலைவர் இன்று திறந்து வைப்பதாக அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறோம். அந்தப் பொருட்களை அவர் வீட்டிலிருந்து எடுத்து வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர் பொருட்களைப் பூட்டி வைப்பது எனக்குப் புதிதில்லை. ஒரு தடவை ஏற்கனவே பூட்டியிருக்கிறேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மீன் விற்கிற வீட்டுப் பெண். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் நேராகப் பல்லாவரம் சந்தைக்குப் போவார். நம்மில் சிலர் அங்கே செடி வாங்குவோம், சிலர் பழைய நாற்காலி வாங்குவோம். அவர் ஓடாத சுவர்க் கடிகாரம் வாங்குவார். கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, முள்ளைப் பிள்ளைகள் விரலால் திருப்புகிற மாதிரி செய்து, ஆளுக்கொன்று கையில் கொடுப்பார். “பள்ளிக்கூடம் விடுற நேரம் வை பார்க்கலாம்” என்பார். முப்பத்தெட்டு பிள்ளைகளும் ஒரு நொடியில் வைப்பார்கள்.

பின்னம் நடத்த அவர் தைத்த துணி வஞ்சிர மீன் ஒன்று உண்டு. பொத்தானைக் கழற்றினால் எட்டுத் துண்டாகும். “எட்டுத் துண்டு. அப்போ ஒவ்வொண்ணும் எட்டுல ஒரு பங்கு, சரிதானே?” என்று முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு கேட்பார். “இன்னா டீச்சர், வாலும் நடுத்துண்டும் ஒண்ணா? எங்கம்மா அப்டி பங்கு போட்டா வூட்ல சண்டைதான்” என்று பிள்ளைகள் எகிறுவார்கள். அதற்குத்தான் அவர் காத்திருப்பார். பங்கு சமமாக இருந்தால்தான் பின்னம் என்று பிள்ளை வாயாலேயே வரவழைத்துவிட்டு, அதற்கப்புறம் சாக்பீஸைத் தொடுவார். நானும் முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு வகுப்பு நடத்தியதில்லை.

இனி நம் பள்ளிகளின் வழக்கத்தைச் சொல்கிறேன். சார்ட், உலக உருண்டை, அட்டை, மணிச்சட்டம் எல்லாம் தலைமையாசிரியர் அறை பீரோவில் பிளாஸ்டிக் உறையோடு இருக்கும். அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் வெளியே வரும். மேசையில் அடுக்குவோம், போட்டோ எடுப்போம், வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். ஜீப் கேட்டைத் தாண்டியதும் மறுபடி உள்ளே போகும். பத்து வருடத்து உலக உருண்டை புத்தம் புதிதாக இருக்கிறது என்று நாம் பெருமைப்படுவோம். ஒரு பிள்ளையின் விரல்கூடப் படாத உருண்டை! இதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது?

பதினான்கு வருடங்களுக்கு முன், ஜூனில் பள்ளி திறந்த வாரமே ஒரு ஆய்வு. அன்றைக்கு மேசையில் டீச்சரின் மீனும் இருந்தது. வால் பிய்ந்து, அழுக்கேறி, இரண்டு பொத்தான் இல்லாமல். பக்கத்தில் முள் உடைந்த கடிகாரங்கள். வந்த அதிகாரி இரண்டு விரலால் மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார் இது, ஸ்கூலா குப்பைத் தொட்டியா?” என்றார். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாளே டீச்சருக்கு மெமோ கொடுத்தேன். கற்பித்தல் பொருட்களைப் பழுதாக்கியதற்கு மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று எழுதினேன். அவர் சொந்தக் காசில் வாங்கி, சொந்தக் கையால் தைத்த பொருட்களுக்கு மெமோ கொடுத்தேன் ஐயா நான்.

மூன்று நாள் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மத்தியானமே பதில் வந்தது. இரண்டே வரி. ‘போன வருடம் வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகள் இருந்தார்கள். முப்பத்தெட்டு பேரும் தொட்டார்கள்.’

திமிர் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வாரி என் பீரோவில் போட்டுப் பூட்டினேன். டீச்சர் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. “பொருள் உடைஞ்சா இன்னொண்ணு பண்ணிக்கலாம் சார். இந்தப் பிள்ளைங்களுக்கு இன்னொரு மூணாங்கிளாஸ் வருமா?” என்று கேட்டார். நான் ஃபைலைப் புரட்டினேன். அந்த வருடம் முழுக்க நான் பீரோவைத் திறக்கவில்லை. புதிதாகச் செய்தாலும் பறிமுதல் செய்வேன் என்று வேறு சொல்லி வைத்தேன். அடுத்த வருடம் நான் மாற்றலாகிப் போன பிறகுதான் அவை வகுப்புக்குத் திரும்பின. ஒரு வருடம்தானே, என்ன குடி முழுகிவிட்டது என்று நானும் மறந்து போனேன்.

என்ன முழுகியது என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் தெரிந்தது. மாரடைப்பில் போன டீச்சரின் உடலைக் கோவளம் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெயஸ்ரீ என்ற பெண் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் பூட்டிய வருடத்து மூன்றாம் வகுப்பு. தேற்றலாம் என்று பேச்சுக் கொடுத்தேன். “டீச்சர் கடியாரம் எங்க கிளாஸுக்கு மட்டும் வரல சார். பீரோல கீதுன்னாங்க. நாலாங்கிளாஸ்ல, மூணுலயே படிச்சிருப்பீங்கன்னு வுட்டுட்டாங்க. இன்னிவரிக்கும் எனக்கு முள்ளு பாத்து மணி சொல்லத் தெரியாது. கம்பெனி உள்ள செல்லு வுடமாட்டாங்க. செவுத்துல வட்டக் கடியாரம்தான். பக்கத்துல நிக்கிற அக்காவைக் கேட்டுக்கினே கீறேன். அதுங்க சிரிக்குதுங்க” என்றாள். பூட்டியது யார் என்று அவளுக்குத் தெரியாது. என்னிடமே சொல்லி அழுகிறாள்.

இன்று காலை அவளிடம் உண்மையைச் சொன்னேன். உன் பெயரை மேடையில் சொல்லலாமா என்றும் கேட்டேன். “சொல்லுங்க சார், எனக்கு இன்னா வெக்கம்? பூட்டுனது நானா?” என்றாள். என் ஆயுளில் எத்தனையோ அதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் திட்டும் இப்படி உறைத்ததில்லை.

இப்போது சொல்லுங்கள். ஒருமுறை நான் தனியாகச் செய்த பாவத்தை, ரிப்பன் கட்டி, கைதட்டி, நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டுமா? அதற்கு நினைவுச் சின்னம் என்று பெயரும் வைக்க வேண்டுமா? தலைவர் அவர்களே, துணியை விலக்கிய பிறகு நீங்கள் சங்கடப்படக் கூடாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பீரோ காலி. உள்ளே ஒன்றும் இல்லை. ஆசிரியர்களுக்கே கொடுத்துவிடலாமா என்று மாணிக்கவேலிடம் கேட்டேன். “அக்கா இருந்தா அதைத்தான் சொல்லும், எடுத்துக் குடுங்க சார்” என்றார். எல்லாவற்றையும் வாசலில் இரண்டு மேசை போட்டுப் பரப்பி வைத்திருக்கிறேன். மீன் இருக்கிறது, தராசு இருக்கிறது, மணிச்சரம் இருக்கிறது, கடிகாரம் இருபத்தாறு இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்து வேண்டாம், ரசீது வேண்டாம். மார்ச் மாதம் இதே மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். சாயம் போயிருக்க வேண்டும். தையல் விட்டிருக்க வேண்டும். கொண்டு போன மாதிரியே எவராவது திருப்பிக் கொண்டு வந்தால் நான் விளக்கம் கேட்பேன். எழுத்து மூலம் கேட்பேன்.

ஒரே ஒரு கடிகாரம் ஏற்கனவே போய்விட்டது. ஜெயஸ்ரீ எடுத்துக்கொண்டாள். நானே உனக்குக் கற்றுத் தருகிறேன் அம்மா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்ககிட்ட வாணாம் சார். வேற டீச்சர் யாராச்சும் சொல்லிக் குடுக்கட்டும்” என்றாள்.

அவள் சொன்னது நியாயம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் இங்கே நூறு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று அவள் வாசலில் அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். யார் எழுந்து போகிறீர்கள்?