இருக்கையின் பின்பக்க மேடு

மோட்டார் சைக்கிள் ஒன்று காவலாளியின் தடுப்பைத் தாண்டி மணலில் பாய்ந்தது தொடர்பாக, தானாக நிலையத்துக்கு வந்தவர் உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

பெயர்: சீட் கவர் அக்கா (கடைத்தெருவில் வழங்கும் பெயர்; அடையாள அட்டையில் உள்ள பெயர் தனித்தாளில் உள்ளது). வயது: ஐம்பத்தாறு. தொழில்: இருசக்கர வண்டிகளின் இருக்கைக்கு உறை தைப்பது. முகவரி: டயர்க் கடைக்கு மேல் மாடி, பின்பக்கப் படிக்கட்டு.

நான் மேற்கண்ட முகவரியில் என் மருமகளுடன் வசித்து வருகிறேன். என் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் பாதியைத் தண்ணீரில்தான் கழிப்பான். மருமகள் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் ஒன்றில், வேலை முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பில் இருக்கிறாள். அவள் சரி என்று சொல்லாமல் அங்கிருந்து ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. என் தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான். மருமகள் என்னை வற்புறுத்தி வண்டியில் ஏற்றி, தாறுமாறாக ஓட்டி, உயிர்பயம் காட்டியதாக நேற்று இங்கே புகார் கொடுத்தவன் அவன்தான். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் புகாரின் பேரில் மருமகளின் ஓட்டுநர் உரிமத்தை இங்கே வாங்கி வைத்திருக்கிறார்கள். வழக்கு என்று ஒன்று பதிவானால் வேலைக்கு வர வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப் முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் யாரும் கூப்பிடாமலேயே வந்தேன்.

சம்பவத்தைச் சொல்வதற்கு முன் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். உதவி ஆய்வாளர் சுருக்கமாகச் சொல்லும்படி கூறினார். வேக வண்டிகளின் இருக்கையில், ஓட்டுபவரின் இடுப்புக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு, பின்னால் உட்காருபவருக்கும் அப்படி ஒன்று உண்டு. அது வெறும் அழகுக்கு என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்து, "அக்கா, நீங்க தைச்ச சீட்டு வழுக்குது, கிளம்பும்போது பின்னாடி போயிடுறேன்" என்று சொன்னபோது, "தம்பி, ஒழுங்கா உக்காந்தா ஏன் வழுக்கப்போகுது?" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். நான் ஓட்டிக்கொண்டிருந்தது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதற்கான உரிமம் மட்டும் என்னிடம் உண்டு. காலுக்கிடையில் உறைக்கான ரெக்ஸின் சுருளை நிறுத்தி வைத்துக்கொண்டு போவேன். சைக்கிளில் போகிறவர்கள்கூட மணி அடித்து என்னைத் தாண்டிப் போவார்கள்.

ஒரு நாள் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. ரெக்ஸின் வாங்கப் போக வேண்டியிருந்தது. மருமகள் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். அது நான்கு சிலிண்டர் வண்டி, கறுப்பு நிறம், பழையதாக வாங்கி அவளே பிரித்துச் சேர்த்தது, இருக்கை மட்டும் நான் தைத்தது. போகும் வழியில் பெரிய சாலை சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. தரையோடு படுத்திருக்கிற மாதிரி அவ்வளவு தாழ்வான கார். ஓட்டியவர் எங்களைப் பார்த்து எஞ்சினை இரண்டு முறை உறுமவிட்டார். மருமகள் திரும்பாமலேயே, "அத்தை, பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "எதை?" என்று கேட்டேன். "என்னை" என்றாள். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

அதை எப்படி எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வயிறு சிக்னலிலேயே நின்றுவிட்டது, மற்றதெல்லாம் கிளம்பிவிட்டது. யாரோ என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் தள்ளுகிறார்கள், தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள், விடவில்லை. கண்ணில் வந்த தண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுப் பக்கம் ஓடியது. சாலையோர மரங்கள் முதலில் தனித்தனியாக இருந்தன, அப்புறம் ஒரே மரமாகிவிட்டன. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. என் தையல் மோட்டாரின் மிதியை அடிவரை அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம், அதைப்போல் நூறு. நான் பின்னால் சறுக்கினேன். என் இடுப்பு, எனக்குப் பின்னால் என் கையாலேயே தைத்த மேட்டில் போய் முட்டி நின்றது. அந்த மேடு எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதைப் பந்தயம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பச்சை விழுந்தது, இரண்டு பேரும் கிளம்பினோம், நாங்கள் முதலில் கிளம்பினோம், அவ்வளவுதான். என்ன வேகம் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அந்தச் சாலையில் அறுபதுக்கு மேல் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. நாங்கள் அறுபதைத் தாண்டவில்லை. ஆனால் அறுபதைத் தொடுவதற்கு என் ஸ்கூட்டருக்கு ஒரு தெருவே வேண்டும், இந்த வண்டிக்கு ஒரு மூச்சு போதும். சட்டம் வேகத்துக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறது, அந்த வேகத்தை எட்டுகிற அவசரத்துக்கு வைக்கவில்லை என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேலே சொல்லும்படி கூறினார். அதன் பிறகு சிவப்புக் கார் எங்களைத் தாண்டிப் போனது. அது என்ன வேகத்தில் போனது என்பதை அந்தக் காரைத்தான் கேட்க வேண்டும்.

ரெக்ஸின் கடை வாசலில் இறங்கிய பிறகும் இருக்கையைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. மருமகள் பயந்துபோய், "அத்தை, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "தண்ணியெல்லாம் வேண்டாம், இன்னொரு தடவை போகலாம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ரெக்ஸின் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் போய்ச் சொரசொரப்பான ரெக்ஸின் வாங்கி, அந்தப் பழைய வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, அவருடைய இருக்கையை அதில் மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இருவரும் ஊருக்கு வெளியே, வீடுகள் இன்னும் கட்டப்படாத மனைப்பிரிவுக்குப் போகத் தொடங்கினோம். தெருக்கள் போட்டிருக்கிறார்கள், வீடுகள் வரவில்லை. நீளமான நேர்தெரு ஒன்று அங்கே இருக்கிறது. முதலில் சில வாரம் நான் பின்னால் உட்கார்ந்தேன். அதன் பிறகு எனக்கு ஓட்டக் கற்றுத்தரச் சொன்னேன். அவள் மறுத்தாள். "அத்தை, உங்க பையனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு" என்றாள். "அவன் கப்பல்லதானே இருக்கான், நீந்தியா வரப்போறான்?" என்றேன். மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். நான்காவது நாள் ஒப்புக்கொண்டாள். யாராவது யாரையாவது வற்புறுத்தினார்கள் என்று எழுத வேண்டுமானால், வற்புறுத்தியது நான்.

ஒரு சின்ன வண்டியை இரவல் வாங்கி வந்து, கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். என் கையில் எஞ்சின் அணைந்துபோனபோதெல்லாம் சிரிக்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நன்றாகக் கை பழகிய பிறகுதான் கறுப்பு வண்டியைத் தொடவிட்டாள். அதில் ஏறினால் என் கால் தரைக்கு எட்டவில்லை. அப்போது அவளே, "இருக்கையை உங்க உயரத்துக்கு வெட்டிடுங்க அத்தை" என்றாள். நான் ஃபோமைச் செதுக்கி, ஓட்டுபவரின் மேட்டை முன்னுக்குக் கொண்டுவந்து புதிதாகத் தைத்தேன். அவள் நல்ல உயரம். அதற்கப்புறம் தன் சொந்த வண்டியிலேயே முழங்காலை மடக்கிக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். ஒரு நாள்கூட வாய் திறந்து சொன்னதில்லை. இப்படிப்பட்டவள்மேல்தான் மாமியார் கொடுமை, அதாவது மாமியாரைக் கொடுமை செய்ததாகப் புகார் வந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

சம்பவ தினமான ஞாயிறு காலை, வழக்கம்போல் அந்த நேர்தெருவில் நிறுத்தினோம். இருவரும் முகம் மூடிய ஹெல்மெட்டும் தடித்த ஜாக்கெட்டும் போட்டிருந்தோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். மருமகள் பின்னால் உட்கார்ந்தாள். அதாவது, வண்டியை ஓட்டியது நான்தான். தெருவில் பாதித் தூரத்தில் சிமெண்ட் குழாய்கள் அடுக்கியிருக்கும். குழாய்கள் வந்ததும் கைப்பிடி முறுக்கைத் தளர்த்தி நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. நான் முதல் கியரில் கிளம்பினேன். முன்சக்கரம் லேசாகிப்போனது கையிலேயே தெரிந்தது. இரண்டாம் கியர் போட்டேன், அந்த உள்ளங்கை வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மூன்றாவதும் போட்டேன். காற்று சில்லென்று இருந்தது, எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தது, வண்டி கேட்டதற்கு மேல் கொடுத்தது. குழாய்கள் வந்தன. தளர்த்த மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தது.

குழாய்களைத் தாண்டியதும் மருமகள் கத்தினாள். "ஐயோ, நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினாள். அவள் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். தெருக்கோடியில் இருந்த மனைப்பிரிவுக் காவலாளி காதில் விழுந்த அலறல் அவளுடையது. கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். அது என்னுடையது. அது அலறல் அல்ல. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் சின்ன வயதுக்குப் பிறகு அப்படி ஒரு சத்தம் நான் போட்டதில்லை. அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் சொல்லிக்கொடுத்தபடியே பிடித்தேன். வண்டி நேராகத்தான் நின்றிருக்கும், ஆனால் தெரு முடிந்துவிட்டது. காவலாளி வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகள் இரண்டைத் தட்டிவிட்டு, மணல் குவியலில் ஏறி, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தோம். காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியதில் அவருடைய பிளாஸ்க் உடைந்தது. யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. பிளாஸ்க் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மருமகள் எழுந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். காவலாளி வந்து பார்த்தபோது கைப்பிடி அவள் கையில் இருந்தது. நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, கண்ணெல்லாம் தண்ணீர். அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "யாரும்மா ஓட்டுனது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "நான்தான்" என்று சொல்லிவிட்டாள். என் பக்கம் குனிந்து, "அத்தை, பேசாம இருங்க. கியர் வண்டிக்கு உங்களுக்கு லைசென்ஸ் இல்ல" என்று காதில் சொன்னாள். அதன் பிறகு விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், அதிர்ச்சி என்று சொல்லிப் போர்வை போர்த்திப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு நேராக இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டான். புகார் கொடுத்தது எனக்கு இன்று காலைதான் தெரியும். தம்பி கெட்டவன் இல்லை. லிஃப்ட் இறங்கினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். என்மேல் உயிரையே வைத்திருப்பவன்.

நான் சொல்வது மருமகளைக் காப்பாற்றுவதற்கான கதையாக இருக்கலாம் என்று உதவி ஆய்வாளர் சந்தேகம் தெரிவித்தார். அதன் பிறகு நிலைய வளாகத்தில் நிற்கும் வண்டியிடம் போனோம். மருமகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அத்தை, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கோபப்பட்டாள். "நீ சும்மா இரு" என்றேன். முதலில் அவளை ஏறி உட்காரச் சொன்னார்கள். முழங்கால் கைப்பிடியில் இடித்தது, பின்பக்க மேடு இடுப்புக்குக் கீழே குத்தியது. அதன் பிறகு நான் ஏறினேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன, மேடு முதுகோடு ஒட்டி நின்றது. உதவி ஆய்வாளர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, குறித்துக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கியதைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. சாவி அதில் இல்லை.

தம்பியும் எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "அக்கா, அவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்று கேட்டான். "உக்காந்து பாரு, தெரியும்" என்றேன். அதன் பிறகு அவன் உள்ளே போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தான்.

மருமகள் வண்டியை ஓட்டவில்லை. அவள் உரிமத்தை அவளிடமே திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உரிமம் இல்லாமல் கியர் வண்டி ஓட்டியதற்கும், கூம்புகளுக்கும் உள்ள அபராதம் எதுவானாலும் என் பெயரில் போட்டுக்கொள்ளலாம். கியர் வண்டி உரிமத்துக்கு இன்று காலை இங்கே வரும் வழியிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அது கைக்கு வரும்வரை ஓட்டமாட்டேன்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். காவலாளியின் சாட்சியத்தைப் பார்த்து எழுத்தர் ஓரிடத்தில் "பயத்தில் கத்தினேன்" என்று எழுதியிருந்தார். அது தவறு என்று சொல்லி அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். கடைசியில், "இனி ஒருபோதும் மோட்டார் சைக்கிளை வேகமாகக் கிளப்ப மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. அது இத்தகைய வாக்குமூலங்களில் வழக்கமாகச் சேர்ப்பது என்றார்கள். அதையும் அடிக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். மேலே உள்ளதெல்லாம் உண்மை என்று சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியும் சேர்ந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ஒப்பம்: சீட் கவர் அக்கா

சாட்சி ஒப்பம்: புகார் கொடுத்த தம்பி