சாமி மேல் விழாத குத்து

— துப்பு மாப்பிள்ளே, வாளி இங்க இருக்கு.

— வாளி பத்தாது மச்சான். இந்தப் பந்தயத்து மேலேயே துப்பணும். சாம்பியன் பெல்ட்டுக்கு நடக்க குத்துச்சண்டையாக்கும் இது! சீ! அந்த வித்துராக்காரப் பய குத்துதானா, எனக்குச் சந்தனம் பூசுதானா?

— கோபப்படாதே, கேட்டியா? தண்ணி குடி.

— தண்ணியா இது? மீன் கழுவுன நாத்தம் நாறுது. ஒவ்வொரு குத்துக்கும் முன்னால 'சாமி சரணம்'ங்கான். பொறவு தோள்ல பஞ்சை வச்சு ஒத்துன மாதிரி ஒண்ணு. எங்க வீட்டுக் கொசு இதைவிடப் பலமா அடிக்கும்.

— நீ மட்டும் என்ன கிழிச்சே? என் மாப்பிள்ளை சுடலைக்கண்ணு குத்துனா, பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்க தேங்காய் மாதிரி மண்டை சிதறும், ஒரு சில்லு கொல்லத்துல போயி விழும்னு ஊரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். நீ என்னடான்னா அவன் மூக்குக்கிட்ட கையைக் கொண்டுபோயிக் கும்பிடுதே!

— பின்ன? மாலை போட்ட சாமியை எப்படி மச்சான் மூக்குல குத்த? விருச்சிக மாசம் பொறந்தா, மாலை போட்ட சின்னப் பயலுவ கால்லயும் விழுகவன் நான். கை அவன் மூஞ்சி வரைக்கும் போகுது. போயி, திரும்பி வந்து என் கன்னத்துல போட்டுக்கிடுது.

— பாத்தேன், பாத்தேன்.

— மாலையைக் கழட்டிட்டுல்லா ரிங்குக்குள்ள ஏறணும்? பிளாஸ்டர் போட்டுக் கழுத்தோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கான். ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?

— ரெஃப்ரி கழுத்தைப் பாத்தியா? அங்கயும் மாலை. 'விடுங்க சாமி, விலகுங்க சாமி'ன்னு உங்களைப் பிரிச்சு விடுததுலேயே பாவம், அவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. எழும்பு, மணி அடிச்சாச்சு.

— அடிக்கட்டும் சவம்.

— வா, வா, உக்காரு. அய்யோடா, இந்த ரவுண்டுலயும் ஒரு பொட்டு வேர்வை இல்லியே!

— வேர்வை எங்கேருந்து வரும்? ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு, ஓணத்துக்குப் பொம்பளைங்க கும்மியடிக்க மாதிரி சுத்திச் சுத்தி வந்தோம். அவன் தலையில எண்ணெய் வேற. என் மூக்கெல்லாம் வழுக்குது. ஜனம் கூவுதது கேக்குதா?

— கேக்காம? கிழக்கேகோட்டையில பஸ்ஸுக்கு நிக்கவன் அத்தனை பேரும் தன் பஸ்தான் வந்துட்டுதுன்னு ஓடியிருப்பான், அந்தக் கூவல்! ஒருத்தன் பொறோட்டாவைத் தூக்கி எறிஞ்சான். சால்னா அத்தனையும் என் சட்டையில, கேட்டியா? விரதச் சட்டை!

— நீ ஏன் மச்சான் சிரிக்கே?

— சிரிக்காம? இப்பம் சாம்பியன் நீ, சரிசமமா முடிஞ்சா பெல்ட் உன் இடுப்புலதான். அவன் ஜெயிச்சாத்தான் அவனுக்கு. இருக்கது ஒரே ஒரு ரவுண்டு. இன்னொரு கும்மி அடி, பெல்ட்டோட வீட்டுக்குப் போயி காலை நீட்டு.

— தூ! கட்டிப்பிடிச்சு வாங்குன பெல்ட்டைக் கட்டுனா இடுப்புல சொறி வரும். எனக்கு இது கடைசிச் சண்டை. தோத்தாலும் குத்து வாங்கித் தோத்தான்னு சொல்லணும். ஒண்ணு கேக்கேன். பந்தயம் இருக்குன்னு நானே இந்த வருஷம் மாலை போடல. சண்டை வச்சிருக்க பயலுக்குப் போட்டுவிட்ட குருசாமி எவன்? அவனுக்கு மண்டையில மூளையா, களிமண்ணா?

— எல்லாம் ஐயப்பன் விளி, அவன் கூப்பிட்டான். அந்த ஐஸைக் கன்னத்துல வை.

— கன்னத்துல அடியே விழல, ஐஸ் எதுக்கு? மச்சான், என்னைப் பாரு. நீயும் மாலை போட்டிருக்கே. சாலைக் கம்போளத்துக் கடைக்காரன்ல பாதிப் பேருக்கு நீதான் குருசாமி. விரதத்துல இருக்க வாய் பொய் சொல்லப்படாது. இவனுக்குப் போட்டது ஆரு?

— மணி அடிக்கப் போறான் பாரு...

— ஆரு?

— நான்தான்.

— சீ!

— உன் இடது கண்ணுக்காகத்தான் மாப்பிள்ளே. அதுல இன்னொரு அடி விழுந்தா பார்வை போயிரும்னு டாக்டர் சொன்னாருல்லா? தங்கச்சி கோமதி என் கையைப் பிடிச்சு அழுத அழுகையில கரமனை ஆறே பொங்கியிருக்கும். இந்த ஸ்ரீகுமாருன்னா ஆளா? காட்டானை! அவன் ஒரு குத்து விட்டா பொன்முடி மலை ரோட்டுல ரெண்டு வளைவு நேராயிரும். மாலை போட்டா ஓங்கி அடிக்க மாட்டான்லா? அதான் வித்துராவுக்கே போயி, பக்தி, மோட்சம்னு பேசிப் பாத்தேன். சொல்லி முடிக்கல, கழுத்தை நீட்டிட்டான். பாவம், அவ்வளவு பக்தி!

— சாமி பேரைச் சொல்லியா? உங்க வீட்டுல கல்யாணத்தன்னைக்குக் குடிச்ச பாயசம் இப்பம் வெளிய வருது மச்சான். அவ்வளவு குமட்டுது.

— கண்ணு மிஞ்சட்டும்னுதானே...

— மிஞ்சின கண்ணை வச்சு ஆரு மூஞ்சியில முழிக்க? போ. குருசாமி போட்டதைக் குருசாமிதான் கழட்டணும். அவனும் வீசட்டும், நானும் வீசுதேன்.

— குருடனாயிருவே மாப்பிள்ளே! என் தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுவேன்?

— பொறுக்கியை அண்ணன்னு நம்பி இருந்தியேன்னு சொல்லு. போறியா, இல்ல மைக்கைப் பிடுங்கி ஊருக்கே சொல்லவா?

— போறேன், போறேன். கத்தாதே... ஸ்ரீகுமாரா! டே, இங்க பாரு. மணி அடிக்கதுக்குள்ள தலையைக் குனி. மாலையைக் கழட்டணும்.

— வேண்டா குருசாமி!

— பாவம் என் தலையில விழட்டும்டே. நீ இனி தைரியமா அடி.

— அய்யோ, எந்து அடி? கை எடுங்கோ குருசாமி! நீங்க வித்துராவுக்கு வந்து விளிக்காட்டாலும், நானே ஓடி வந்து உங்க காலுல விழுந்து மாலை கேட்டிருப்பேன். எங்க சேட்டன், கூடப் பிறந்தவன், இந்தச் சுடலைக்கண்ணு அண்ணன்கிட்ட ஒரே ஒரு குத்து வாங்குச்சு. இன்னைக்கும் கஞ்சி மட்டுந்தான் இறங்குது.