சோப்பு திங்காத கிருமி

...அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கித் தூரப் போடு ஃபாயிஸா! தென்காசியில இருந்து ஆராய்ச்சிக்குன்னு மெனக்கெட்டு வாரே. எம்புட்டு சோப்பு வருது, அதத் திங்க நீ தொட்டியில விட்ட கிருமி எம்புட்டு இருக்கு, எப்பம் தின்னு முடிக்கும்னு அதுல கணக்குப் போட்டே. மத்தியானத்துக்குள்ள தண்ணி தெளிஞ்சிரும்னு காட்டிச்சுல்லா? இங்கன பாரு. தொட்டி பூரா நுரை!

நம்ம லாட்ஜ் கழிவுத்தண்ணித் தொட்டிக்கு வேற என்னட்டி வரும்? அருவியில சோப்பு போடக்கூடாதுன்னுட்டான். வாரவன் ஒடம்பு பூரா எண்ணெயத் தேச்சு, அருவியில நின்னுட்டு, ரூமுக்கு வந்து ஷாம்பூவக் கவுத்துருதான். அவன் பொண்டாட்டி அதுக்கு மேல... சரி, அத விடு.

என்னைய ஏன் பாக்கே? நான் மெஸ் அடுப்படியில நின்னாலும் கண்ணு தொட்டியிலதான். தொட்டிக்குக் காத்தடிக்குத மோட்டார் ஓடுதா? ஓடுது. ஃபினாயில் ஊத்துனேனா? இல்ல. பிளீச்சிங் பவுடரு? அந்தத் திக்குக்கே போகல. கிருமி செத்துரும்னு நீதான படிச்சுப் படிச்சு சொன்ன. ஒன் பேச்ச மீறல, கேட்டியா.

சாரல் விழ ஆரம்பிச்சிட்டு. நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்து டெஸ்டுக்குத் தண்ணியப் பாட்டில்ல பிடிச்சிட்டுப் போவாரு. ‘பேச்சித்தாயி, இந்தத் தடவையும் ஃபெயிலாச்சுன்னா லாட்ஜப் பூட்டிருவான். நீ ஒன் ஊரு கடையத்துக்கு பஸ் ஏறிர வேண்டியதுதான்’ங்காரு மொதலாளி. சீசன்ல அடுப்பு எரியலன்னா வருசம் பூரா நான் என்னத்தத் திங்க?

கிருமி செத்துருச்சா? அதுவும் இல்ல. ‘எக்கச்சக்கமா பெருகியிருக்கு ஆச்சி’ன்னு நீதான மைக்ராஸ்கோப்புல பாத்து சொன்ன. பெருகாதா பின்ன? ஒரு உசிருக்கு எந்நேரமும் சோப்பையே போட்டா நாக்கு செத்துராது? எனக்கு மனசு கேக்கல. மெஸ்ல மிஞ்சுத பாயசத்தத் தெனமும் வாளியோட கொண்டாந்து ஊத்திருவேன். மிஞ்சலன்னா வெல்லத்தக் கரைச்சு ஊத்துவேன். நம்மட்ட வேல பாக்குதவன் பட்டினி கெடக்கக் கூடாது பாத்துக்கோ.

ஏன் எந்திரிச்சிட்ட? ஒன் கணக்குல பாயசம் இல்லியா? அதுக்கென்ன, சேத்துக்கோயேன்... என்னது, எத மொதல்ல திங்குமா? நல்லாக் கேட்டியே ஒரு கேள்வி! பாயசத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டு எவனாவது சோப்பத்...

எம்மோ...

ஆபீசர் வாராரு, தெம்பா வேல பாக்கட்டும்னு இன்னைக்கு ரெண்டு வாளில்லா ஊத்திருக்கேன் பிள்ள!